மலைப்பாதையில் காரை விட்டுவிட்டுப் போக வைக்கும் தவறுகள்

ஏப்ரல் சீசன் வந்தால், கண்டியிலிருந்து நுவரெலியா போகும் வீதியில் வரும் றம்பொடை ஏற்றத்தில் இந்தக் காட்சி தப்பாது. பொனட்டைத் திறந்து வைத்தபடி ஒரு கார், கான் கட்டில் உட்கார்ந்து அழும் பிள்ளை, போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடும் அப்பா. பொழுது சாயும்போது பார்த்தால் ஆட்கள் போயிருப்பார்கள், கார் மட்டும் நிற்கும். மறுநாளும் நிற்கும், சிலது வாரக்கணக்கில். எங்கள் வீடு அந்த வீதியோரம்தான். தண்ணீர் கேட்டு வருகிறவர்களிடம் பேசிப் பேசி எனக்குப் பிடிபட்டது இதுதான்: முதலில் வரும் பழுது அநேகமாகச் சின்னது, அதற்கப்புறம் அரை மணி நேரத்தில் நாம் செய்கிற காரியம்தான் காரைப் படுக்க வைக்கிறது.

சூட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏறுகிற வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான். கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர், நுவரெலியா 1868 மீட்டர். அவ்வளவு உயரத்தையும் நிறைய ஆட்களோடும் பெட்டிகளோடும், ஏசியும் போட்டுக்கொண்டு, முன்னால் போகும் லொறிக்குப் பின்னால் முதலாம் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து ஏறுகிறோம். காற்று குளிராக இருப்பதால் எஞ்சினும் குளிராக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நுவரெலியா உயரத்தில் திறந்த பானையில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் அது கொதிக்காமல் இருப்பது மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தாலும், தண்ணீரோடு சேர்க்கும் கூலன்ட் என்ற குளிர்விப்புத் திரவத்தாலும்தான். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால், கூலன்ட் தீர்ந்து வெறும் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், கொழும்பில் ஒரு வருடம் பிரச்சினையில்லாமல் ஓடிய கார் இங்கே ஒரே ஏற்றத்தில் கொதித்துவிடும். கிளம்பும் முன் மூடியையும் கூலன்டையும் பார்க்கச் சொல்லி கராஜில் கேளுங்கள், பெரிய செலவில்லை.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியதைப் பார்த்தும் ஓட்டுவதுதான் பெரிய தவறு. போன வருடம் ஒருவர் எங்கள் வாசலில் நின்று, "தம்பி, இன்னும் ரெண்டு வளைவுதானே, மேலே போய்ப் பார்க்கலாம்னு நினைச்சேன்" என்றார். அந்த இரண்டு வளைவில் ஹெட் கெஸ்கட், அதாவது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போய்விட்டது. முள் நடுவைத் தாண்டினால் உடனே ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டர் இருந்தால் முழுசாகப் போடுங்கள் (உள்ளே வெந்துபோகும், பரவாயில்லை, எஞ்சின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே இழுக்கும்), அகலமான இடம் கிடைத்ததும் ஒதுக்குங்கள். ஆவி வந்துவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். முக்கால் மணி நேரமாவது வேண்டும். சூட்டோடு மூடியைத் திருகினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அருவித் தண்ணீரைப் பிடித்து வந்து சூடான எஞ்சினில் ஊற்றினால் ஹெட்டில் வெடிப்பு விழலாம். இந்த வீதியில் அருவிக்குக் குறைவில்லை, அதனால்தான் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

பிரியஸ், அக்வா மாதிரி ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பின் இருக்கைப் பக்கம் ஒரு சல்லடை மாதிரி காற்றுத் துவாரம் இருக்கும், பேட்டரியைக் குளிர வைக்கும் விசிறி அது வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. போர்வை, தலையணை, பெட்டி எல்லாவற்றையும் அதன்மேல் அடுக்கிக்கொண்டு மலை ஏறினால் எச்சரிக்கை விளக்கு எரியாமல் என்ன செய்யும்? பழுதாகி நின்றால் முன் சக்கரங்கள் தரையில் உருள யாரையும் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். சக்கரத்தோடு உள்ளே மோட்டாரும் சுழன்று கெட்டுப்போகும். முன் சக்கரத்தைத் தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும்.

இறக்கத்தில் கதை வேறு. எல்லயிலிருந்து வெல்லவாய வரை முப்பது கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 800 மீட்டர் இறங்குகிறோம். 2025 செப்டம்பரில் ஒரு பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தது அந்த வீதியில்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், D இல் போட்டுவிட்டு வழி நெடுக பிரேக்கை மிதித்தபடியே வருவதும் ஒன்றுதான், பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், ஆட்டோ கியர் என்றால் L, S, B என்று எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். கருகிய வாடை வந்தாலோ மிதி பஞ்சு மாதிரி அமுங்கினாலோ நிறுத்துங்கள், தானாக ஆறட்டும், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அப்புறம், நிறுத்தும் இடம். வளைவுக்குள் நிறுத்தாதீர்கள், பனிமூட்டம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சக்கரத்தை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, டயருக்குக் கீழே கல் வையுங்கள். ஆனால் மழை நாளில் அதே மண்மேட்டுக்குக் கீழே நிறுத்திவிட்டு உள்ளே தூங்குவதைப் போல ஆபத்து வேறில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது, பயணத்துக்கு முன் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் வீதிகள் அங்கங்கே அறுந்தபோது வாகனத்தை விட்டுவிட்டு நடப்பதே சரியான முடிவாக இருந்தது. காருக்காக உயிரைப் பணயம் வைத்து நிற்காதீர்கள். அவசரத்துக்கு பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

சரி, விட்டுவிட்டுப் போன கார் ஏன் திரும்பவும் எடுக்கப்படுவதில்லை? இழுத்துப் போகும் லொறிக்குக் கேட்கும் காசு, கொழும்பில் பழைய வாகன பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடித்தான் கிடைக்கும் பாகம், இரண்டையும் கூட்டினால் சிலருக்கு மூச்சு நின்றுவிடுகிறது. 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்தது, அதுவரை எல்லோரும் பழசையே ஓட்டினோம், அதன் விளைவு இன்னும் வீதியில் தெரிகிறது. இன்னொன்று ஓபன் பேப்பர், அதாவது பெயர் மாற்றாமலே கைமாறும் கார். கார் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில் இருக்கும், பொலிஸ் அவரைத் தேடும், ஓட்டியவரோ பயத்தில் வரமாட்டார். வாங்கிய கையோடு பெயரை மாற்றிவிடுங்கள்.

விட்டுத்தான் போக வேண்டும் என்றால் பக்கத்துப் பொலிஸிலும், எதிரே இருக்கும் தேநீர்க் கடையிலோ தோட்டத் தொழிலாளர் லயத்திலோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போங்கள். சொல்லிவிட்டுப் போன காரை ஊரே பார்த்துக்கொள்ளும். சொல்லாமல் போனதில் மூன்றாம் நாள் பேட்டரி இருக்காது. திரும்ப வந்து காரை எடுக்கும்போது, டயருக்கு வைத்த கல்லையும் எச்சரிக்கைக்காக வீதியில் போட்ட மரக்கிளையையும் தூக்கி ஓரத்தில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிற தோட்டத்துப் பையனுக்கு அந்தக் கல் தெரியாது.