லோகோவில் கைவைக்கும் முன் நிறுவனத்தைப் படியுங்கள்

லோகோவைப் புதுப்பிக்கும் வேலை வந்ததும் பலர் நேராகக் கணினியில் வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஒன்று தெரிந்தாக வேண்டும்: மக்கள் இந்த நிறுவனத்தை எதை வைத்து அடையாளம் காண்கிறார்கள்? 2009 ஜனவரியில் அமெரிக்காவில் ட்ராபிகானா தன் ஜூஸ் பெட்டியிலிருந்து ஸ்ட்ரா குத்திய ஆரஞ்சுப் படத்தை எடுத்துவிட்டது. வழக்கமாக வாங்குபவர்களுக்கே பெட்டி அடையாளம் தெரியவில்லை. விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. பிப்ரவரியிலேயே பழைய பெட்டிக்குத் திரும்புவதாக அறிவித்தார்கள்.

படி 1: பதிவைப் பாருங்கள்

மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரைத் தேடினால் சிஐஎன் என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 21 இலக்க நிறுவன அடையாள எண் கிடைக்கும். அதிலேயே தொழில், மாநிலம், பதிவான ஆண்டு எல்லாம் இருக்கும். ஆனால் பதிவான ஆண்டைத் தொடங்கிய ஆண்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாத்தா நடத்திய கடை, பேரன் காலத்தில்தான் பிரைவேட் லிமிடெட் ஆகியிருக்கும். கம்பெனியாகவே பதிவாகாத கடை என்றால் ஜிஎஸ்டி தளத்தில் தேடுங்கள். அங்குள்ள தேதி எதுவும் 2017-க்கு முன்னால் போகாது.

படி 2: பழைய லோகோக்களைத் திரட்டுங்கள்

அதிக நேரம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும். இணையதளங்களின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் நிறுவனத்தின் பழைய இணையதளம் கிடைக்கலாம். ஆனால் உண்மையான புதையல் குடோனில் இருக்கிறது: பழைய பில் புக், தினசரி காலண்டர், மஞ்சள் பை, லெட்டர்ஹெட், திறப்பு விழாப் படங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். எழுத்து மாறியிருக்கும், நிறம் மாறியிருக்கும். ஏதோ ஒன்று மட்டும் மாறாமல் வந்திருக்கும். அதைத் தொடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

படி 3: ஆட்களிடம் பேசுங்கள்

முதலாளியிடம் “ஏன் மாற்ற நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். இரண்டாம் தலைமுறை பொறுப்பேற்றதா, புதுத் தொழிலில் இறங்குகிறார்களா, அல்லது சலித்துவிட்டதா? அப்புறம் நீண்ட நாள் ஊழியர் ஒருவரையும் வாடிக்கையாளர்கள் சிலரையும் பாருங்கள். லோகோவைக் காட்டாமல், நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். பலரும் வரைவது எதுவோ, அதுதான் மனதில் நிற்கும் பகுதி. கருத்துக் கேட்பதைவிட இது நம்பகமானது.

படி 4: டிரேட்மார்க்

இந்திய டிரேட்மார்க் பதிவகத் தளத்தில் பொதுத் தேடல் இலவசம். சரக்கும் சேவையும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நிறுவனத்தின் வகுப்பைத் தெரிந்துகொண்டு தேடுங்கள். லோகோவில் உள்ள படங்களை, வியன்னா குறியீடு என்ற சர்வதேசப் பட வகைப்பாட்டு எண் கொண்டு தேடலாம். பழைய லோகோ பதிவாகியிருந்து, புதியது அதிலிருந்து வெகுவாக விலகினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டிவரும். இதை முன்கூட்டியே சொல்லி, வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 5: போட்டியாளர்கள்

அதே தொழிலில் உள்ளவர்களின் லோகோக்களை ஒரே பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் இருப்பது பளிச்சென்று தெரியும்.

சரி, கிடைத்ததையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: மாறக் கூடாதவை, மாறலாம் என்பவை, இன்னும் கேட்க வேண்டியவை. முதலாளி அதைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகு முதல் கோட்டைப் போடுங்கள்.