சேலத்திலிருந்து வாள் மந்திரக் கதைகளைத் தேடிச் சேர்க்கும் முறை

வாளேந்திய வீரன் மந்திரத்தை எதிர்கொள்ளும் சாகசக் கதைகளே வாள் மந்திரக் கதைகள். புத்தகம் எதையும் வாங்குவதற்கு முன் இவற்றில் பத்தையாவது படித்துவிடுங்கள். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் அவர் வாழ்நாளில் வெளிவந்த படைப்புகள் பொதுவுடைமையாகிவிடும். இவ்வகையின் புகழ்பெற்ற நாயகனான கோனன் என்ற வாள்வீரனைப் படைத்த அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஈ. ஹோவர்ட் 1936இல், தம் 30ஆம் வயதில் இறந்தார். ஆகவே அவர் கதைகள் பலவற்றைக் குட்டன்பர்க் ஆஸ்திரேலியா என்ற இலவச மின்னூல் தளத்தில் தயக்கமின்றிப் படிக்கலாம். 1933இல் வந்த ‘தி டவர் ஆஃப் தி எலிபெண்ட்’ நல்ல தொடக்கம். மந்திரவாதியின் கோபுரத்தில் ரத்தினம் திருட ஏறும் இளைஞன் கோனன், உச்சியில் யானைத்தலையுடன் சிறைப்பட்டிருக்கும் ஓர் உயிரைக் காண்கிறான். அந்தக் கணத்தில் அவன் பேராசை இரக்கமாக மாறுவதை ஹோவர்ட் சில பக்கங்களில் காட்டிவிடுகிறார்.

ஏழு கடல் ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதியின் கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த உலகம் புதிதன்று. ஆனால் நம் கதைகளில் பெரும்பாலும் இளவரசன் புறப்படுவான். இங்கே புறப்படுபவன் திருடனாகவோ கூலிப்படை வீரனாகவோ இருப்பான், நாட்டைக் காக்கும் பொறுப்பு அவனுக்கு இராது, அன்றைய கூலியும் அன்றைய உயிரும்தான் அவன் கவலை. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்தால், வீர சாகசம் என்ற பெயரில் விற்கப்படும் மற்றவற்றிலிருந்து இக்கதைகளைப் பிரித்தறிவது எளிது.

இவ்வகைக்கு ஆங்கிலத்தில் ‘சோர்ட் அண்ட் சோர்சரி’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபர். ஆங்கிலேய எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் ஒரு பெயர் வேண்டுமென்று கேட்டதற்கு மறுமொழியாக 1961இல் அதைச் சொன்னார். லைபரின் கதைகளில் வரும் ஃபாஃபர்ட், கிரே மவுசர் என்ற இரட்டை நாயகர்கள் 1939இலேயே வந்துவிட்டார்கள். சி. எல். மூர் 1934இல் படைத்த ஜிரெல் என்ற பெண் வீராங்கனையைத் தவறவிடாதீர்கள். அவரைப் படிக்காமல் சேர்க்கும் தொகுப்பை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை.

வாங்கும்போது மிகுந்த கவனம் தேவைப்படுவது கோனன் புத்தகங்களில்தான். ஹோவர்டின் கோனன் கதைகளில் 17 மட்டுமே 1932 முதல் 1936 வரை வியர்ட் டேல்ஸ் இதழில் வெளிவந்தன. 1966 முதல் லான்சர் நிறுவனம், பெரும்பாலும் ஃபிராங்க் ஃபிரசெட்டாவின் அட்டை ஓவியங்களோடு வெளியிட்ட பேப்பர்பேக் வரிசையில், ஹோவர்ட் முடிக்காமல் விட்டவற்றை எல். ஸ்ப்ரேக் டி கேம்ப், லின் கார்ட்டர் என்ற எழுத்தாளர்கள் முடித்தவையும் புதிதாக எழுதியவையும் கலந்துள்ளன. முதலில் வந்த ‘கோனன் தி அட்வென்சரர்’ நூலின் நான்கு கதைகளில் ஒன்று டி கேம்ப் முடித்து வைத்தது. அட்டையின் அழகில் மயங்கி நிற்காமல், பொருளடக்கத்தையும் காப்பிரைட் பக்கத்தையும் திறந்து, எந்தக் கதையை யார் எழுதினார் என்று பாருங்கள். ஓவியத்துக்காக லான்சர் பதிப்பை வாங்குவதில் தவறில்லை, நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஹோவர்டின் சொற்களே வேண்டுமென்றால் 2003 முதல் டெல் ரே நிறுவனம் வெளியிட்ட மூன்று தொகுதிகளை நாடுங்கள். ஒரே கதை பல நூல்களில் திரும்பத் திரும்ப வருவதால், நூலின் பெயரால் அல்லாமல் கதையின் பெயரால் ஒரு நோட்டில் பட்டியல் வைத்துக்கொள்வது வீண்செலவைத் தடுக்கும்.

சேலத்தில் தேடுவதற்குப் பொறுமை வேண்டும். பழைய புத்தகக் கடைகளில் பாடநூல்களும் போட்டித்தேர்வு நூல்களும் முன்வரிசையை நிரப்பியிருக்கும். ஆங்கில நாவல்கள் அடியில் கட்டாகக் கிடக்கும். கடைக்காரரிடம் ஆசிரியர் பெயரைச் சொல்வதைவிட, வாளேந்திய வீரன் படம் போட்ட பழைய ஆங்கிலப் புத்தகம் வந்தால் எடுத்து வையுங்கள் என்று சொல்லி, தொலைபேசி எண்ணையும் கொடுத்து வருவது எனக்குப் பலமுறை பலித்திருக்கிறது. எடைக்குப் போடும் பழைய பேப்பர் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். ஏற்காட்டில் எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்யும்போது பெட்டி பெட்டியாக ஆங்கில நூல்கள் இறங்குவதுண்டு. மலைமேல் தெரிந்தவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மலையிலிருந்து வரும் நூலை உடனே அலமாரியில் வைக்கக் கூடாது. ஏற்காட்டின் பனிமூட்டத்தில் தாள் ஈரம் உறிஞ்சியிருக்கும், ராமபாணப் பூச்சியும் கூடவே வரும். முதலில் நிழலில், மின்விசிறிக் காற்றில், நன்றாக உலர்த்துங்கள். பிறகு பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒருநாள் முழுதும் விட்டுவிடுங்கள். குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளாமல் இருக்க இது அவசியம். பழைய பேப்பர்பேக்கின் தாளில் அமிலம் உள்ளதால் அது பழுப்பேறி நொறுங்கும், சேலத்து வெயில் பட்டால் அது இன்னும் விரைவாக நடக்கும். வெயில் படாத சுவரோரம் நிற்க வைத்து அடுக்கி, இடையிடையே துணியில் முடிந்த வசம்பு வையுங்கள். முதுகு ஒட்டு காய்ந்த நூலை 90 பாகைக்கு மேல் விரிக்காதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பக்கங்களை மெல்லப் பிரித்துக் காற்றாட விட்டு, பிறகு திரும்ப அடுக்குங்கள்.