கர்நாடக–ஜாஸ் கூட்டுக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்வரங்கள் ஒத்துப்போகின்றன, அட்சரக் கணக்கும் சரி; ஆனாலும் சேர்ந்து வாசித்தால் ஒட்டவில்லை. இரு தரப்பும் தாளில் ஒற்றுமையைத் தேடியதுதான் காரணம். ஸ்வரத்துக்குள் என்ன அசைகிறது, அடிக்குள் என்ன பிரிகிறது என்று பார்க்கவில்லை.

முதல் சிக்கல் கீபோர்டில் தொடங்கும். ஹம்ஸத்வனி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ ரி க ப நி. ஒரு கட்டையில், அதாவது ஸட்ஜம் சி என்றால், இவை சி, டி, இ, ஜி, பி. கைப்பழக்கத்தில் ஏ மைனர் கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வாசித்தால், ராகத்தில் இல்லாத தைவதம் வந்துவிடும். எஃப் மேஜரில் மத்யமமும் சேர்ந்து வரும். ராகம் அங்கேயே கலைந்துவிடும். சி மேஜர், இ மைனர், ஜி மேஜர் மூன்றுமே போதும்.

தோடி இன்னும் கடினம். அதை 'ஃப்ரிஜியன்' என்ற மேற்கத்திய ஸ்கேலாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்வர ஸ்தானங்கள் அதேதான். ஆனால் வயலினில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடும். அதன்மேல் கீபோர்டு காந்தாரத்தை அழுத்திப் பிடித்தால் வயலின் அபஸ்வரமாகக் கேட்கும். பாவம், பழி வயலின்காரர் மேல் விழும். கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிடுங்கள். பேஸ் ஸட்ஜத்தைப் பிடித்தால் போதும். 1970களில் இந்திய இசையையும் ஜாஸையும் இணைத்த சக்தி குழுவில் கீபோர்டே இல்லை. அதன் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் தன் கிட்டாரில் ஃப்ரெட் எனும் மெட்டுக் கம்பிகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கச் செய்து, தந்தியை இழுத்துக் கமகம் (ஸ்வர அசைவு) பிடித்தார்.

நடுவில் கீ (ஆதார ஸ்ருதி) மாற்றுவது ஜாஸில் சகஜம். கடத்தின் ஸ்ருதியோ சூளையிலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே கீ மாறும் பகுதியில் தம்புராவையும் கடத்தையும் நிறுத்துங்கள், அல்லது மாற்றுக் கடத்தைத் தயாராக வையுங்கள்.

தாளத்தில் அதிகம் ஏமாற்றுவது ஐந்து அடிச் சுழற்சி. டேவ் புரூபெக் குவார்டெட் என்ற ஜாஸ் குழு 1959-இல் பதிவுசெய்த 'டேக் ஃபைவ்' 3+2. கண்ட சாபு தாளம் 2+3. டிரம்ஸ் ஒன்றையும் மிருதங்கம் மற்றொன்றையும் பிடித்தால் சமத்தில் (சுழற்சியின் முதல் அடியில்) மட்டும் சேர்வார்கள், இரண்டாவது அழுத்தம் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் மோதும். ஒத்திகையில் முதலில் இருவரும் கைதட்டி ஒரே பிரிவை முடிவுசெய்யட்டும்.

ஜாஸின் ஸ்விங் நடையும் அப்படியே. அதில் அடி ஏறக்குறைய மூன்றாகப் பிரியும்: முதல் ஒலிக்கு இரண்டு பங்கு, அடுத்ததற்கு ஒன்று. சதுஸ்ர நடையில் அடி சமமான நான்கு. இரண்டும் ஒன்றாக ஓடினால் மிருதங்கச் சொற்கள் குழம்பும். மிருதங்கம் திஸ்ர நடைக்கு (அடிக்கு மூன்று) மாறினால் உடனே பொருந்தும். மிக வேகமான காலப்பிரமாணத்தில் ஸ்விங்கே சமமாகிவிடும் என்பதால் அங்கே சதுஸ்ரம் தாராளமாக வாசிக்கலாம்.

மேடையில் கிக் டிரம்மும் (காலால் இயக்கும் பெரிய டிரம்) மிருதங்கத்தின் தொப்பியும் (இடப்பக்கத் தோல்) ஒரே கீழ் ஒலிப் பகுதியில் அடித்துக்கொள்ளும். சவுண்ட் என்ஜினியர் பெரும்பாலும் தொப்பியைத்தான் குறைப்பார். அப்படிச் செய்தால் தொப்பியின் ஆழ்ந்த நாதமான கும்காரம் காணாமல் போய்விடும். அதற்குப் பதில், மிருதங்கம் ஒலிக்கும் இடங்களில் டிரம்மர் கிக்கை விட்டுவிட்டு, குச்சிக்குப் பதில் பிரஷ்ஷில் வாசிக்கட்டும்.