1913 என்ற எண்ணில் கொடுக்கும் புகார் வேலை நடக்காமலே மூடப்படாமல் இருக்க

சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். ‘நம்ம சென்னை’ செயலி, 94450 61913 என்ற வாட்ஸ்அப் எண், மாநகராட்சியின் இணையதளம் என்று வேறு வாசல்களும் உண்டு. எந்த வாசலில் நுழைந்தாலும் புகார் கடைசியில் போய்ச் சேர்வது களத்தில் உள்ள ஒரு பொறியாளரிடமோ சுகாதார ஆய்வாளரிடமோதான். அவர் ‘முடிந்தது’ என்று குறிக்கும்வரை அது அவர் கணக்கில் நிலுவை. நிலுவையைக் குறைக்க அவருக்கு இரண்டு வழி. ஒன்று, வேலையைச் செய்வது. மற்றது, ‘எங்கள் துறை இல்லை’, ‘இடம் தெரியவில்லை’, ‘ஆய்வு செய்யப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி மூடுவது. இரண்டாவது வழிக்கு இடமே கொடுக்காமல் புகாரை எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், இது மாநகராட்சியின் வேலைதானா?

முகவரியில் ‘சென்னை’ என்று இருப்பதை நம்ப வேண்டாம். குரோம்பேட்டைக்காரர் ‘சென்னை 600 044’ என்றுதான் எழுதுகிறார். ஆனால் அவர் தெரு 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. பல்லாவரமும் அப்படியே. திருமுல்லைவாயில், பட்டாபிராம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆவடி மாநகராட்சி. 1913 இவர்களுக்குப் பயன்படாது. சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். எந்த உள்ளாட்சிக்கு வரி கட்டுகிறீர்களோ அங்கேதான் புகார். அதே ரசீதில் வார்டு எண்ணும் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். சென்னை மாநகராட்சியில் மொத்தம் 200 வார்டுகள். ஒரே பெயரில் பல வார்டுகளில் தெருக்கள் இருக்கின்றன. காந்தி தெரு, பிள்ளையார் கோயில் தெரு என்று மட்டும் சொன்னால் புகார் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்.

அடுத்தது துறை. அதிகம் குழம்புவது சாக்கடையில். சாலையில் வட்டமான இரும்பு மூடி போட்ட மேன்ஹோலிலிருந்து கழிவுநீர் பொங்கினால் அது சென்னைக் குடிநீர் வாரியத்தின் வேலை. எண் 1916 அல்லது 044-4567 4567. சாலையோரமாக சிமென்ட் பலகைகள் போட்டு மூடிய கால்வாய் மழைநீர் வடிகால். அது மாநகராட்சியுடையது. மழையே இல்லாத நாளில் அந்த வடிகாலில் நாற்றமடிக்கும் தண்ணீர் ஓடினால், யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் கள்ளத்தனமாக இணைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதைக் கண்டுபிடித்துத் துண்டிப்பது மாநகராட்சியின் பொறுப்பு. அதனால் ‘சாக்கடை ஓடுகிறது’ என்று சொல்லாதீர்கள். ‘மழைநீர் வடிகாலில் கழிவுநீர் இணைப்பு’ என்று சொல்லுங்கள். ‘சாக்கடை’ என்று மட்டும் சொன்னால் உங்களைக் குடிநீர் வாரியத்துக்கு அனுப்பிவிட்டுப் புகாரை மூடிவிடுவார்கள்.

சாலையிலும் இதே சிக்கல் உண்டு. அண்ணா சாலை, ஜவகர்லால் நேரு சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. மாநகராட்சிச் சாலைகளிலும் பேருந்து போகும் சாலைகளுக்குத் தலைமையகத்தில் தனிப் பிரிவு உண்டு. உட்புறத் தெருக்களை மண்டல அலுவலகம் பார்க்கிறது. ‘இது பேருந்து போகும் சாலை’ என்றோ ‘உட்புறத் தெரு’ என்றோ புகாரில் இரண்டு சொல் சேர்த்தால் ஒரு சுற்று மிச்சம்.

வீட்டில் மின்சாரம் இல்லை, மின்கம்பி அறுந்து தொங்குகிறது, கம்பத்தில் ஷாக் அடிக்கிறது என்றால் நேராக மின்வாரியத்தின் 94987 94987. தெருவிளக்குக் கம்பத்திலேயே ஷாக் அடித்தால் 1913-க்கும் சேர்த்துச் சொல்லுங்கள். யார் கம்பம் என்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம், பக்கத்தில் போகவும் வேண்டாம்.

புகாரை எழுதும் விதம்

ஒரு புகாரில் ஒரே பிரச்சினை. ‘குப்பை, விளக்கு, நாய், பள்ளம் எதுவும் சரியில்லை’ என்று ஒன்றாகக் கொட்டினால், அதில் ஒன்றைச் செய்துவிட்டு மொத்தத்தையும் மூடலாம். நான்கும் நான்கு வெவ்வேறு ஊழியர்களின் வேலை.

இடத்தைக் கதவு எண்ணோடு சொல்ல வேண்டும். ‘தெரு முனையில்’ போதாது, எல்லாத் தெருவுக்கும் இரண்டு முனை. படம் இரண்டு எடுங்கள். ஒன்று பிரச்சினையை அருகிலிருந்து. மற்றொன்று பத்தடி தள்ளி நின்று, கடைப் பலகையோ வீட்டு எண்ணோ கம்பமோ தெரியும்படி. இரண்டாவது படம்தான் ‘இடம் தெரியவில்லை’ என்ற பதிலை அடைக்கும். செயலியில் இருப்பிடத்தைக் குறிக்கும்போது அந்த இடத்தில் நின்றபடியே குறியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பதிந்தால் குறி உங்கள் வீட்டு வாசலில் விழும்.

முக்கியமானது, வேலை முடிந்ததா என்று மூன்றாவது ஆள் வந்து பார்த்தாலும் தெரியும்படி எழுதுவது. ‘குப்பை சரியாக எடுப்பதில்லை’ என்பதை ஒரு நாள் எடுத்துவிட்டு மூடலாம். ‘12-ஆம் எண் வீட்டு எதிரில் உள்ள தொட்டி திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காலியாகவில்லை’ என்பதை அப்படி மூட முடியாது.

புகார் எண் குறுஞ்செய்தியாக வரும். அழித்துவிடாதீர்கள். அடுத்த படிகளெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

தெருவிளக்கு

இதுதான் இருப்பதிலேயே சுலபமான புகார். கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அதைச் சொன்னால் போதும். எண் அழிந்திருந்தால் இரு பக்கக் கம்பங்களின் எண்ணைச் சொல்லுங்கள். ஒரே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் விளக்கிலோ அந்தக் கம்பத்தின் இணைப்பிலோ கோளாறு. வரிசையாக நான்கைந்து எரியவில்லை என்றால் கேபிளிலோ சுவிட்ச் பெட்டியிலோ கோளாறு. வரிசை போயிருக்கும்போது ஒரு கம்பத்தை மட்டும் சொன்னால் பல்பு மாற்ற ஏணியோடு வருவார்கள், பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எத்தனை கம்பம், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று சொல்லுங்கள்.

தண்ணீர் தேங்குவது

ஆண்டுதோறும் அதிகப் புகார் வந்து, அதிகமாகத் தவறாகவும் சொல்லப்படுவது இது. ‘தெருவில் முட்டியளவு தண்ணீர்’ என்ற புகாருக்கு வரக்கூடியது ஒரு மோட்டார் பம்புதான். அடுத்த மழைக்கும் அதே பம்பு. காரணத்தைச் சேர்த்துச் சொன்னால்தான் காரணத்துக்கு வேலை நடக்கும்.

தெருத்தண்ணீர் சாலையோரத் துளை வழியாக முதலில் வண்டல் தங்கும் தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து வடிகாலுக்கு, வடிகாலிலிருந்து ஓட்டேரி நல்லா, விருகம்பாக்கம் - அரும்பாக்கம் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் போன்ற ஒன்றுக்கு, கடைசியாகக் கடலுக்கு. எங்கே அடைப்பு என்பதை மழை விட்ட பிறகு தண்ணீர் நடந்துகொள்ளும் விதத்திலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

சாலையில் தண்ணீர் நிற்கிறது, பக்கத்து வடிகாலிலோ இடம் இருக்கிறது என்றால் துளை அடைபட்டிருக்கிறது. இலை, பிளாஸ்டிக் உறை, கட்டட மணல், சில இடங்களில் புதிதாகப் போட்ட தாரே துளையை மூடியிருக்கும். அரை மணி நேர வேலை. வடிகாலும் நிரம்பி, தண்ணீர் அசையாமல் நின்றால் கீழே எங்கோ அடைப்பு, அல்லது வடிகால் அடுத்த தெருவோடு இணைக்கப்படாமலே நிற்கிறது. அப்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்தக் கதவு எண்ணோடு ஓட்டம் நிற்கிறது என்று சொல்லுங்கள். மழை விட்ட பின்னும் மட்டம் ஏறினால் கால்வாய் நிரம்பி எதிர்த்து வருகிறது. அதற்கு வார்டுப் பொறியாளரால் அன்று செய்ய முடிந்தது பம்பு வைப்பது மட்டுமே. மற்றதை மேல் மட்டத்துக்கு எழுத்து மூலமாகக் கொண்டுபோக வேண்டும்.

வடிகால் பலகையை நீங்களாகத் தூக்கிப் பார்க்காதீர்கள். உள்ளே நச்சு வாயு இருக்கலாம். வெள்ளத்தில் திறந்து விட்ட பலகை அடுத்து நடந்து வருபவரை விழுங்கும்.

தூர்வாரக் கேட்பதாக இருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரில் கேளுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஆட்களெல்லாம் அவசர வேலைக்குப் போய்விடுவார்கள். தூர்வாரிய வண்டலை வடிகால் ஓரத்திலேயே குவித்து விட்டுப் போவதும் வழக்கம். ஈரம் வடிய ஓரிரு நாள் விடுவது சரி. அதற்கு மேல் கிடந்தால் முதல் மழையில் மறுபடி உள்ளேதான் போகும். ‘வண்டல் அகற்றப்படவில்லை’ என்று தனிப் புகார் பதியுங்கள்.

பள்ளமும் புதுச்சாலையும்

பள்ளம் தானாக விழுந்ததா, யாராவது தோண்டிய வெட்டா என்று பாருங்கள். நேர்க்கோடாக, சாலையின் குறுக்கே அல்லது நெடுக ஓடினால் வெட்டு. குடிநீர், மின்சாரம், கேபிள் நிறுவனங்கள் அனுமதி வாங்கிச் சீரமைப்புக் கட்டணம் கட்டித்தான் தோண்ட வேண்டும். ‘சாலை வெட்டு சீரமைக்கப்படவில்லை’ என்று எழுதினால், அதற்கான பணம் ஏற்கெனவே கட்டப்பட்ட கோப்பை அதிகாரிகள் தேட வேண்டியிருக்கும். மழை நாளில் போடும் ஒட்டு நிற்காது. ஈரத்தில் தார் பிடிக்காததால் ஜல்லி கொட்டி நிரவுவார்கள். வெயில் வந்ததும் மீண்டும் புகார் பதிந்தால்தான் முறையான ஒட்டு விழும்.

புதுச்சாலை போட வரும்போது கவனிக்க வேண்டியது மில்லிங். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கு போட வேண்டும் என்பது விதி. சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் சில முறைகளில் வீட்டு வாசல் சாலைக்குக் கீழே போய்விடும். அதன் பிறகு எந்தப் புகாரும் உதவாது. தார் லாரி வருவதற்கு முன் வாசல்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். சுரண்டவில்லை என்றால் அன்றைக்கே 1913. மறுநாள் சொல்லிப் பயனில்லை.

கொசுவும் நாயும்

புகை அடிக்கச் சொல்லித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். எனவே ஊற்றைச் சொல்லுங்கள்: பூட்டிக் கிடக்கும் வீட்டின் மூடாத தொட்டி, கட்டடப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீர், பழைய டயர். மாலையில் மொய்க்கும் கொசு பெரும்பாலும் கழிவுநீரில் வளரும் க்யூலெக்ஸ். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் நைலான் வலையைக் கட்டுவது உங்கள் கையில் உள்ள வேலை.

நாயைப் பிடித்துப் போனால் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதுதான் பொதுவான விதி. ‘நாய் திரும்பி வந்துவிட்டது’ என்ற புகார் எடுபடாது. கருத்தடை ஆன நாய்க்குக் காது நுனியில் வெட்டு இருக்கும். வெட்டு இல்லாத நாய்கள் எத்தனை, எந்த நேரம் எங்கே படுத்திருக்கும் என்று சொல்லுங்கள். கடிக்கும் நாய், நோய் அறிகுறி உள்ள நாய் என்றால் அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

வேலை நடக்காமலே மூடிவிட்டால்

அன்றைய படத்தோடு புதிய புகார் பதியுங்கள். முதல் வரியில் பழைய புகார் எண்ணும், ‘வேலை நடக்காமல் மூடப்பட்டது’ என்பதும். இரண்டாவது முறையும் அப்படியே ஆனால் வார்டு உதவிப் பொறியாளரை நேரில் பாருங்கள், காலை வேளையில் வார்டு அலுவலகத்தில் கிடைக்க வாய்ப்பு அதிகம். கவுன்சிலரிடம் வாய்மொழியாகச் சொல்வதைவிட ஏரியா சபையில், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்களுக்கான கூட்டத்தில் சொல்லி நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்வது நல்லது. இதற்கான விதிகள் 2022-ல் வந்தன, கேட்கும் ஆள்தான் குறைவு. மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். முதல்வர் உதவி மையத்தின் 1100-லும் பதியலாம். ஆனால் அந்த மனுவும் சுற்றி அதே பொறியாளரிடம்தான் வரும். அதனால் பழைய எண்கள் எல்லாவற்றையும் அதில் சேருங்கள்.

கடைசிப் படி தகவல் உரிமைச் சட்ட மனு. மண்டல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று பதில் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன எண் புகாரின் மீது எழுதப்பட்ட குறிப்பு, இந்தத் தெருச் சாலையின் பணி ஆணை, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல், பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய பழுதுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி. 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.