முதல் பீச்சைத் தரையில் விடாதீர்கள்

நாலு வருடம் முன்னால் எங்கள் கொட்டிலில் கறவையில் இருந்தது ஒரே ஒரு ஜெர்சிக் கலப்பு. திடீரென்று பால் சொசைட்டியில் அதன் பால் இளைக்க ஆரம்பித்தது. எஸ்.என்.எஃப்., அதாவது கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடப்பொருளின் சதவீதம், 8.3-லிருந்து 8-க்கு வந்தது, காசும் கூடவே இறங்கியது. தவிட்டை மாற்றினேன். தாது உப்பு வாங்கிப் போட்டேன். மெஷின் சரியில்லை என்று டெஸ்ட் போடும் பையனிடம் சண்டைகூடப் பிடித்தேன். மடியில் வீக்கமில்லை, சூடில்லை, பாலில் திரியும் (வெள்ளைக் கட்டியும்) இல்லை.

கடைசியில் கால்நடை மருத்துவர் வந்தார். நாலு குழி உள்ள தட்டில் ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி, அதே அளவு ஊதா மருந்தை ஊற்றிச் சுழற்றினார். முன்காம்புப் பால் தண்ணீராகவே ஓடியது. பின்காம்பு இரண்டின் பாலும் முட்டை வெள்ளைக்கருபோலக் குழைந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது.

இதற்கு மறைமுக மடிநோய் என்று பெயர். நல்ல மடியின் பாலில் ஒரு மில்லிக்கு இரண்டு லட்சத்துக்குக் குறைவான செல்கள்தான் இருக்கும். கிருமி உள்ளே போனால் ரத்த வெள்ளணுக்கள் குவிந்து அந்தக் கணக்கு எகிறும். சுரப்பி கெட்டு லாக்டோஸும் கேசினும் குறையும், ரத்தத்திலிருந்து உப்பு இறங்கும். பால் லேசாகக் கரிக்கும். ஆகவே எஸ்.என்.எஃப். குறைந்தால் தீவனத் தொட்டியை மட்டும் நோண்டுவது முதல் தவறு. வீட்டிலேயே பார்க்கலாம்: 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் சலவைத்தூளைக் கரைத்து, காம்புவாரியாகப் பாலும் கரைசலும் சம அளவு கலந்து ஆட்டுங்கள். கொழகொழத்தால் சந்தேகம்தான். மாதம் ஒரு தடவை போதும்.

அடுத்தது, நம் ஊர்ப் பழக்கம். கறக்க உட்கார்ந்ததும் முதல் நாலு பீச்சைத் தரையில் விடுவோம். விடுவது சரி, விடும் இடம்தான் தப்பு. தரையில் விழுந்த பாலில் திரி இருந்ததா, தண்ணீராக இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? கிருமியும் மாடு படுக்கும் இடத்திலேயே தங்கிவிடும். ஒரு டம்ளர் வாயில் கறுப்புத் துணியைக் கட்டி அதில் பீய்ச்சுங்கள். அரிசி நொய் அளவு வெள்ளைத் துணுக்கு இருந்தாலும் பளிச்சென்று தெரியும்.

மடியைக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது சுத்தம் என்று நினைக்கிறோம். மேலிருந்து வழியும் சாணித்தண்ணீர் காம்பு நுனியில்தான் வந்து சொட்டும். அந்த ஈரக்கையோடு கறந்தால் அது கேனுக்குள்ளும் போகும், காம்புக்குள்ளும் போகும். காம்பை மட்டும் கழுவித் துடைத்தால் போதும். ஆனால் ஒரே துணியால் ஐந்து மாட்டையும் துடைப்பது ஒரு மாட்டின் நோயை ஐந்துக்கும் பங்கு வைப்பதுதான். மாட்டுக்கு ஒரு துணி வையுங்கள். நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறங்கள்.

கட்டைவிரலை மடக்கி, முட்டியால் காம்பை அழுத்தி இழுக்கும் கறவையை நான் பார்த்து வளர்ந்தேன், நானும் அப்படித்தான் கறந்தேன். சீக்கிரம் முடியும். ஆனால் காம்பின் உள்தோல் நாள்தோறும் நசுங்கி, புண்ணாகி, கடைசியில் காம்பு அடைத்துப்போகும். ஐந்து விரலும் சேர்ந்து மேலிருந்து கீழாக அழுத்தும் முழுக்கைக் கறவைக்கு மாற எனக்கு ஒரு மாதம் ஆனது, மணிக்கட்டு வலித்தது. காம்பில் வழவழப்புக்கு எச்சிலோ பால் நுரையோ தடவுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மடியில் பால் இறங்கியபின் சுரப்பு ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் நீடிக்கும். நடுவில் போன் வந்தால் அடிக்கட்டும்.

கறந்ததும் மாட்டைப் படுக்க விடுவதுதான் நான் பார்த்தவற்றில் அதிகம் பேர் கவனிக்காத தவறு. கறந்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை காம்புத் துவாரம் முழுசாக மூடாது. அந்த நேரத்தில் சாணியில் படுத்தால் கிருமிக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி. பசுந்தீவனத்தைக் கறவைக்கு முன் போடாமல், கறந்த பின் போடுங்கள். தின்பதற்காக அது நிற்கும். கறந்ததும், தீவனம் போடுமுன், மருந்துக் கடையில் கிடைக்கும் 5 சதவீதப் போவிடோன் அயோடினைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஒவ்வொரு காம்பையும் முக்கி எடுங்கள். மிச்ச மருந்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றாதீர்கள்.

மருந்து விஷயத்தில் இரண்டு. ஊசி போட்ட மறுநாளே வீக்கம் வடிந்தது என்று நிறுத்தினால் நோய் திரும்பி வரும்போது அதே மருந்து கேட்காமல் போகலாம். மருத்துவர் சொன்ன நாள்வரை போடுங்கள். சிகிச்சைக் காலத்திலும், மருந்து நின்றபின் அட்டையில் போட்டிருக்கும் நாள்வரையும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. நாலு காம்புப் பாலையும்தான், நோயுள்ள காம்பை மட்டுமல்ல. காய்ச்சினால் சரியாகிவிடும் என்பது பொய். அந்தப் பாலில் உறை ஊற்றிப் பாருங்கள், தயிர் சரியாக உறையாது. கன்றுக்கும் கொடுக்காதீர்கள்.

ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்தச் சொன்னபோது, தினமும் மூன்று லிட்டரை யார் விடுவார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. மருத்துவர் விடவில்லை. கடைசிக் கறவை முடிந்ததும் காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, வற்றுக்கால மருந்துக் குழாயை நாலு காம்பிலும் ஏற்றினார். அடுத்த ஈற்றில் பின் இடது காம்பு தேறிவிட்டது. பின் வலது சுருங்கியே போனது. பிறகு சந்தைக்கு ஓட்டிப்போனபோது வந்தவர் மாட்டின் பல்லைப் பார்க்கவில்லை. குனிந்து நேராக அந்தக் காம்பில்தான் கையை வைத்தார்.