சிங்கப்பூரில் அனுபவக் கட்டுரை எழுதத் தொடங்குவோருக்கு

"எனக்கு மட்டுந்தான் இப்படியா?" என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, "எனக்கும்தான்" என்று பதில் சொல்லும் எழுத்துதான் அனுபவக் கட்டுரை. பெரிய சாதனை எதுவும் தேவையில்லை.

படி 1: யாருக்கு?
சமுதாயத்துக்கு என்று நினைத்து எழுதினால் மேடைப் பேச்சாகிவிடும். ஒருவரை மட்டும் மனத்தில் வையுங்கள். கல்யாணமாகி யீஷூனுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், அம்மாவைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் மகன், இப்படி யாராவது.

படி 2: எதை?
பத்து வருட வாழ்க்கையை ஒரே கட்டுரையில் அடைக்க வேண்டாம். ஒரு மதியம் போதும்.

படி 3: கண்ணால் கண்டதை எழுதுங்கள்
உயிர்நாடியே இதுதான். "வெளிநாட்டுத் தனிமை கொடுமையானது" என்று எழுதினால் படிப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

"தேக்கா சந்தையில் முருங்கைக்காயைக் கட்டாகத்தான் கொடுத்தார்கள். எனக்கு ஒரு காயே அதிகம். சாம்பார் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். அடுத்த வாரம் பார்த்தால் சுருங்கிக் கிடந்தது. ஊரில் என்றால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருப்போம். இங்கே எதிர்வீட்டுக் கதவை நான் தட்டியதே இல்லை."

அந்தக் கதவு எல்லார் வீட்டு எதிரிலும் இருக்கிறது. அதனால்தான் படிப்பவர் உள்ளே வந்துவிடுகிறார். வாங்கிய விலை, வந்த வாசனை, யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் மறப்பதற்குள் குறித்துவையுங்கள்.

படி 4: ஏன் மறக்கவில்லை?
சம்பவத்தோடு நின்றால் அது நாட்குறிப்பு. இது ஏன் இன்னும் மனத்தில் நிற்கிறது என்று கேட்டு, கிடைத்த பதிலை எழுதுங்கள். பாதிப் பதில்தான் கிடைத்தது என்றாலும் சரி, அந்தப் பாதியை எழுதுங்கள். அறிவுரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

படி 5: அடுத்தவர் கதை
இங்கே நம் சமூகம் சின்னது. பெயரை மாற்றினாலும், சிராங்கூன் சாலையில் இன்ன கடை வைத்திருக்கும் மாமா என்றால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அவரிடமே முதலில் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். இதில் பேரமே கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

படி 6: வாய்விட்டுப் படியுங்கள்
நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். கோப்பிக் கடை, புளோக், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்று நாம் அன்றாடம் புழங்கும் சொற்கள் அப்படியே இருக்கட்டும்.

படி 7: அனுப்புங்கள்
கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு செய்தித்தாளில் எழுதிப் பழகித்தான் இங்கே பல எழுத்தாளர்கள் உருவானார்கள். அதன் பழைய இதழ்கள் பல தேசிய நூலகத்தின் இணையக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்து மக்கள் என்னென்ன எழுதினார்கள் என்று புரட்டிப் பாருங்கள். மாத இதழான சிராங்கூன் டைம்ஸையும் பாருங்கள். எந்த இதழானாலும் எத்தனை சொற்கள் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு அனுப்புங்கள். அப்புறம் பதிலுக்காகக் காத்திருக்காமல், இன்னொரு மதியத்தை எடுத்து எழுத உட்காருங்கள்.