ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நெஞ்சை அழுத்துங்க: சிபிஆர் முதலுதவி எப்படி பண்றது

ஒருத்தர் திடீர்னு சரிஞ்சு விழுந்துட்டா முதல்ல ரெண்டு தோளையும் தட்டி சத்தமா கூப்பிடுங்க. அசைவே இல்ல, மூச்சும் ஒழுங்கா இல்லன்னா இதயம் நின்னுடுச்சுன்னே வச்சுக்கிட்டு வேலைய ஆரம்பிங்க. நாடி பாக்குறேன்னு கையைப் பிடிச்சுட்டு உக்காராதீங்க, பதட்டத்துல நம்ம விரல்ல துடிக்கிறதே அவரோட நாடி மாதிரி தெரியும்.

நிறைய பேர் ஏமாந்து போறது எங்கன்னா, இதயம் நின்ன அப்புறமும் கொஞ்ச நேரம் வாய் திறந்து திறந்து மூடும், குறட்டை மாதிரி ஒரு இழுப்பு வரும், அப்புறம் ஒண்ணும் இருக்காது, திரும்ப ஒரு இழுப்பு. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு"ன்னு சுத்தி நிக்கிறவங்க சொல்லுவாங்க. அது மூச்சு இல்லங்க, தயவுசெஞ்சு அதை நம்பி காத்திருக்காதீங்க. சிலருக்கு விழுந்த உடனே வலிப்பு மாதிரி கை கால் வெட்டும், அதுவும் இதயம் நின்னதால இருக்கலாம்.

ஆம்புலன்ஸுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சிடுங்க, இன்னொருத்தரை கைகாட்டி "நீங்க போய் ஏஇடி மெஷின் இருக்கான்னு பாத்து எடுத்துட்டு வாங்க"ன்னு அனுப்புங்க. ஏஇடின்னா இதயத்துக்கு கரண்ட் ஷாக் குடுக்குற மெஷின். பொதுவா "யாராவது போங்க"ன்னு கத்தினா யாரும் நகர மாட்டாங்க.

அவரை கெட்டியான தரையில மல்லாக்க படுக்க வச்சு பக்கத்துல முட்டி போடுங்க. நெஞ்சுக்கு நடுவுல, நடு எலும்போட கீழ்ப்பாதியில, உள்ளங்கையோட அடிப்பகுதிய வச்சு அது மேல இன்னொரு கைய கோத்துக்கோங்க. முழங்கை மடங்கக் கூடாது, உங்க தோள் நேரா கைக்கு மேல இருக்கணும், உடம்போட வெயிட்டை போட்டு 5-6 செ.மீ. உள்ள போற மாதிரி அழுத்துங்க, நிமிஷத்துக்கு 100-லேருந்து 120 தடவை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அப்புறம் நெஞ்சு முழுசா மேல வரணும், அப்போதான் இதயத்துல திரும்ப ரத்தம் நிரம்பும். விலா எலும்பு மடக்குன்னு சத்தம் கேக்கலாம், பயமா இருக்கும்தான், ஆனா நிறுத்தாதீங்க, எலும்பு சேந்துடும்.

வாயோட வாய் வச்சு ஊதத் தெரியலன்னாலும் பெரியவங்களுக்கு அழுத்துறது மட்டுமே போதும், முதல் சில நிமிஷத்துக்கு ரத்தத்துல ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். குழந்தைங்களுக்கும் தண்ணியில மூழ்கினவங்களுக்கும் மட்டும் காத்து ரொம்ப முக்கியம், தெரிஞ்சவங்க 30 அழுத்தலுக்கு 2 தடவை ஊதுங்க. ஒண்ணுமே பண்ணாம நின்னா ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கிற வாய்ப்பு 7-லேருந்து 10 சதவீதம் குறையும்.

கை சீக்கிரம் ஓஞ்சிடும், ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை ஆள் மாத்திக்கோங்க. ஏஇடி வந்தா ஆன் பண்ணுங்க, அதுவே பேசி வழி சொல்லும், ஈரமா இருந்தா நெஞ்சை துடைச்சுட்டு அதுல போட்டிருக்குற படத்துல இருக்குற மாதிரி அதோட வர்ற ஒட்டுற பேடை நெஞ்சுல ஒட்டுங்க, ஷாக் குடுக்குறப்போ யாரும் அவரைத் தொடக் கூடாது. ஷாக் குடுத்த உடனே திரும்ப அழுத்த ஆரம்பிங்க.

அவரா அசைஞ்சு ஒழுங்கா மூச்சு விட ஆரம்பிச்சா ஒருக்களிச்சு படுக்க வைங்க, பேட் ஒட்டினது அப்படியே இருக்கட்டும். மூச்சையே பாத்துட்டு இருங்க, திரும்ப நின்னா மறுபடியும் அழுத்தணும்.